டிஃப் லாக் இருக்கும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோலை என்ன செய்வது?

மழைநீர் அறுத்துப்போட்ட மண் பாதையில் வண்டியைக் குறுக்காக இறக்கினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் அந்தரத்தில் சுழலும், தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்ற இரண்டும் அசையாது. ஃபோர் வீல் டிரைவ் போட்டிருந்தும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது டேஷ்போர்டில் இரண்டு பொத்தான்கள் கண்ணில் படும்: பின் டிஃபரன்ஷியல் லாக், இ.எஸ்.பி. ஆஃப் (ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலோடு டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் அணைப்பதற்கானது). எதற்கும் இரண்டையும் அமுக்கிவைப்போம் என்று அமுக்குபவர்களே அதிகம். சில வண்டிகளில் அது பலிக்கும். சிலவற்றில் கையிலிருந்த உதவியும் போய்விடும்.

சாதாரண டிஃபரன்ஷியல் ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். தொங்கும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு போதுமோ, தரையிலிருக்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான். டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுழலும் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கிறது. பிரேக்கை மீறித் திருப்பக் கூடுதல் விசை வேண்டும், அதே அளவு தரையிலுள்ள சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது, வண்டி ஊர்கிறது. தந்திரம் நல்லதுதான். ஆனால் சக்கரம் சுழன்ற பிறகே அது விழிக்கும். பிரேக் விழுங்கும் சக்தியெல்லாம் சூடாகப் போகும். நீண்ட மணல் ஏற்றத்தில் பிரேக் கொதித்துவிட்டால் பல வண்டிகளில் கணினி சிறிது நேரம் கைகழுவிவிடும்.

பொத்தானால் போடும் லாக் அப்படிக் காத்திருப்பதில்லை. இரு பின் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கிறது. ஒன்று காற்றில் தொங்கினாலும் மற்றது தள்ளும். ஆனால் அது பின் அச்சுக்கு மட்டும்தான். முன் அச்சில் ஒரு சக்கரம் சுழன்றால் பின் லாக்கால் எதுவும் செய்ய முடியாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது என்ற பேச்சே இங்கிருந்துதான் வருகிறது: பின்னால் லாக், முன்னால் டிராக்‌ஷன் கன்ட்ரோல்.

முதல் வேலை: வீட்டிலேயே கையேட்டைப் புரட்டுங்கள்

பின் லாக் போட்டால் உங்கள் வண்டியில் எதெல்லாம் அணைகிறது என்று தெரிந்துகொள்ளாமல் காட்டுப்பாதைக்குப் போகாதீர்கள். டொயோட்டா ஹைலக்ஸின் பல மாடல்களில் பின் லாக் விழுந்தவுடன் ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் ஓய்வுக்குப் போய்விடும். முன் அச்சு அநாதையாகிவிடும். ஃபோர்டு ரேஞ்சரில் லாக் போட்ட பிறகும் முன் அச்சில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உயிரோடிருக்கும். ஃபோர்ஸ் கூர்காவில் இந்தத் தலைவலியே இல்லை. முன்னும் பின்னும் லாக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் வகை வண்டி உங்களுடையது என்றால் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பள்ளத்தில் முதலில் லாக் இல்லாமல், டிராக்‌ஷன் கன்ட்ரோலை நம்பி முயலுங்கள். ஓரிரு முறையில் தாண்டவில்லை என்றால் பின்வாங்கி, லாக் போட்டு வாருங்கள். நான்கு சக்கரங்களிலும் இயங்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், பின்னால் மட்டும் இயங்கும் லாக்கை முந்துகிற இடங்கள் உண்டு. லாக்குக்காகத் தனியாகக் காசு கொடுத்தவர்கள் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தானே விழும் லாக்: தார்க்காரர்களுக்கு

இந்தியாவில் இந்தக் குழப்பம் அதிகம் வருவது 2020இல் வந்த மஹிந்திரா தாரில்தான். அதன் சில வேரியண்ட்களில் ஈட்டன் நிறுவனத்தின் எம்.எல்.டி. என்ற இயந்திர லாக் இருக்கிறது. இதற்குப் பொத்தான் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையிலான வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் உள்ளே இருக்கும் எடைக்கட்டை விரிந்து, கொக்கி மாட்டி, அச்சு தானாகப் பூட்டிக்கொள்ளும். வண்டி மணிக்குச் சுமார் 30 கி.மீ.க்கு மேல் போகும்போது பூட்டாது.

அந்த 100 சுற்று எவ்வளவு? 255/65 ஆர்18 டயரின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டரை மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று என்றால் மணிக்கு 15 கி.மீ. ஒரு சக்கரம் நிற்க, மற்றது அந்த வேகத்தில் சுழல வேண்டும். சிக்கல் இங்கேதான். டிராக்‌ஷன் கன்ட்ரோலின் வேலையே சக்கரத்தை அவ்வளவு சுழலவிடாமல் தடுப்பது. 60, 70 சுற்றிலேயே பிரேக்கைப் பிடித்துவிட்டால் லாக் தனக்கு வேண்டிய வேகத்தைக் காணவே காணாது. வண்டி கரகரவென்று பிரேக் சத்தம் போட்டபடி அங்கேயே நிற்கும். உரிமையாளர் எம்.எல்.டி. பழுது என்று சர்வீஸ் சென்டருக்குப் போவார்.

எனவே தாரில் இப்படிச் செய்யுங்கள். இறங்கி நடந்து பாருங்கள்: பின் சக்கரம் தொங்கப்போகும் இடமா, முன் சக்கரமா? பின் சக்கரம் என்றால் ஃபோர் லோ போட்டு, இ.எஸ்.பி. ஆஃப் பொத்தானை அமுக்கி, முதல் கியரில் மெல்ல நுழையுங்கள். சக்கரம் சுழலத் தொடங்கியதும் பதறி ஆக்ஸிலரேட்டரை விடாதீர்கள், ஓங்கியும் மிதிக்காதீர்கள். அளவாக, விடாமல் கொடுங்கள். பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், வண்டி முன்னே நகரும். பாதியில் காலை முழுக்க எடுத்தால் சுமை குறைந்து லாக் அவிழ்ந்துவிடக்கூடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சக்கரம் அசுர வேகத்தில் சுழலும்போது லாக் விழுந்தால் அந்த அடி முழுவதும் ஆக்ஸில் மேல்தான் இறங்கும். உடைந்தால் செலவு சின்னதாக இருக்காது.

இ.எஸ்.பி. ஆஃப் எதையெல்லாம் அணைக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் ஒருமுறை தட்டினால் இன்ஜின் சக்தியைக் குறைப்பது மட்டும் நிற்கும், பிரேக் பிடிப்பது தொடரும். சிலவற்றில் சில விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு சிறிய பள்ளத்தில் ஆன் செய்து ஒருமுறை, ஆஃப் செய்து ஒருமுறை ஏறிப் பாருங்கள், காதே சொல்லிவிடும். ஜாக்கியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவைத்து மட்டும் சோதிக்காதீர்கள். லாக் விழுந்த மறுநொடி தரையிலுள்ள சக்கரம் தள்ளும், வண்டி ஜாக்கியிலிருந்து பாயும்.

பொத்தான் உள்ள லாக்

தார் ராக்ஸ் 4x4 முதல் ஹைலக்ஸ் வரை எலெக்ட்ரானிக் லாக் உள்ள வண்டிகளில் ஒழுங்கு இது.

1. தடைக்கு முன்பே, சக்கரம் சுழலாதபோது போடுங்கள். ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் போய்விடும்.

2. ஸ்டியரிங்கை நேராக்கி, ஃபோர் லோவில், நடை வேகத்தில் ஒரு மீட்டர் முன்னும் பின்னும் ஊருங்கள். விளக்கு மினுக்குவது நின்று நிலையாக எரிந்தால்தான் லாக் விழுந்ததாக அர்த்தம். மினுக்கும்போதே ஏறத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

3. தாண்டியதும் உடனே எடுத்துவிடுங்கள். விளக்கு அணையவில்லை என்றால் கொஞ்சம் பின்னுக்கு வந்து ஸ்டியரிங்கை இருபுறமும் லேசாக ஆட்டுங்கள், அவிழும்.

எந்த நிலத்தில் எது

மணலில் முதல் எதிரி, சக்கரம் சுழன்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இன்ஜின் சக்தியைக் குறைக்கும் ஏற்பாடு. வேகம் தேவைப்படும் நேரத்தில் அது மூச்சைப் பிடித்துவிடும். இ.எஸ்.பி.யை அணைத்து, டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். இறக்கிய காற்று பாதி வேலையைச் செய்துவிடும். நேரான மணல் ஏற்றத்தில் லாக் உதவும், வளைவில் மூக்கு திரும்பாமல் நேராகவே போகும்.

பாறைப் படிகளில் லாக்குக்கு நிகர் இல்லை. சக்கரம் சுழலாமல், டயர் தேயாமல் வண்டி ஏறும். முன் டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் வைத்துக்கொள்ள முடிகிற வண்டி என்றால் இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

மழையில் ஊறிய செம்மண் பக்கச்சரிவில் மட்டும் லாக்கைத் தொடாதீர்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பின் சக்கரம் சுழன்றாலும் மற்றது பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். லாக்கில் இரண்டும் சேர்ந்து வழுக்கும், வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சரியும். அங்கே டிராக்‌ஷன் கன்ட்ரோல்தான் உங்கள் ஆள். தாரில் இ.எஸ்.பி.யை ஆனிலேயே வைப்பதால் எம்.எல்.டி. விழாமல் இருக்க வாய்ப்பு அதிகம், இந்த இடத்தில் அது லாபம்.

செங்குத்தான இறக்கத்தில் லாக் போட்டு இறங்கினால் வளைவில் முன்பக்கத்தை நேரே தள்ளும். ஃபோர் லோவும் முதல் கியரும் ஹில் டிசென்ட் கன்ட்ரோலும் போதும். பல வண்டிகளில் லாக் போட்டால் ஹில் டிசென்ட்டும் ஏ.பி.எஸ்ஸும் போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ரோட்டில் ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். லாக் விளக்கு அணைந்துவிட்டதா, டூ வீல் டிரைவுக்கு வந்தாயிற்றா, இ.எஸ்.பி. மறுபடி ஆன் ஆகியிருக்கிறதா, டயரில் காற்று ஏற்றியாயிற்றா? இந்த நான்கில் எளிதாக மறந்துபோவது இ.எஸ்.பி.தான். அது இல்லாமல் மழை நாளில் ஹைவேயில் உயரமான வண்டியை ஓட்டாதீர்கள்.