முடிவும் அதன் காரணமும்: கணிப்பொறி பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

கழக்கூட்டத்தில் 1990-இல் டெக்னோபார்க் தொடங்கப்பட்டது முதல், இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களிலும் மென்பொருள் துறைக்குச் செல்லும் பிள்ளைகள் பெருகி வந்திருக்கின்றனர். அவர்களுக்கும், "அங்கே என்னதான் வேலை?" என்று கேட்டுச் சலித்த பெற்றோருக்கும் இச்சிறு பாடம்.

மென்பொருள் ஒன்றைப் பலர் சேர்ந்து பல ஆண்டுகள் உருவாக்குகிறார்கள். எழுதியவர் வேலை மாறிப் போய்விடுவார். நிரல் மட்டும் நிற்கும். இதை ஏன் இப்படி அமைத்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது. புதிதாக வந்தவர் அதைத் தொடவே அஞ்சுவார்; அல்லது காரணம் அறியாமல் பிடுங்கி எறிவார். இரண்டும் கேடுதான். 2011-இல் மைக்கேல் நைகார்ட் என்பவர் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொன்னார். முக்கியமான ஒவ்வொரு வடிவமைப்பு முடிவுக்கும் ஓரிரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். அன்றைய சூழ்நிலை, எடுத்த முடிவு, அதன் நிலை, அதனால் வரும் நன்மை தீமை ஆகியவை அதில் இருக்கும். எண்ணிட்டு நிரலோடு சேர்த்தே வைக்க வேண்டும். பின்னர் முடிவு மாறினாலும் பழைய குறிப்பை அழிக்கலாகாது. இன்ன எண் குறிப்பால் மாற்றப்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும்.

இவற்றுள் சூழ்நிலை என்ற பகுதிதான் உயிரானது. அதற்கு நம் கண்ணெதிரே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் மலையாள எழுத்து 1971-இல் எளிமையாக்கப்பட்டது. அதற்கு முன் உகர, ஊகாரக் குறிகள் மெய்யோடு ஒட்டியே நின்றன, நம் கு, சு, மு போல. கூட்டெழுத்துகளோ ஏராளம். இத்தனை உருவங்களையும் தட்டச்சுப் பொறியில் அடக்க இயலாது. அச்சுக் கோப்பவர் பாடும் பெரும்பாடு. ஆகவே குறிகளைப் பிரித்தார்கள். கூட்டெழுத்துகள் பலவற்றைச் சந்திரக்கலை இட்டு உடைத்தார்கள். தட்டச்சுப் பொறி இருந்தவரை அது நியாயமே. கணிப்பொறி வந்தது, காரணம் போயிற்று, முடிவு மட்டும் நின்றது. 1999-இல் ஆர். சித்ரஜகுமார், கே.எச். ஹுசைன் முதலியோரின் 'ரசனா' இயக்கம் பழைய எழுத்துகளைக் கணிப்பொறியில் அமைத்துக் காட்டியது. 2022-இல் கேரள அரசும் பழைய உருவங்கள் சிலவற்றை மீட்க முடிவு செய்தது. ஐம்பது ஆண்டு! மென்பொருளில் ஒரு வசதியைச் சேர்ப்பவரும் நீக்குபவரும், இது வந்த காரணம் இன்னும் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். காரணத்தை எழுதி வைத்திருந்தால்தானே கேட்க முடியும்?

மீட்பு எளிதானதற்கு வேறொரு வடிவமைப்பு முடிவும் உதவியது. யூனிகோடு முறையில் எழுத்து மட்டுமே எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. அதன் உருவத்தை எழுத்துரு பார்த்துக்கொள்கிறது. எழுத்துருவை மாற்றினால் அதே கோப்பு பழைய லிபியில் தெரியும். மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. தமிழில் 1978-இல் மாற்றப்பட்ட, துதிக்கை போல் வளைந்த பழைய லை, னை உருவங்களையும் இவ்வாறே காட்டலாம்.

எல்லா முடிவும் இப்படித் திரும்பப் பெறக்கூடியதன்று. ன், ர், ல் போன்ற மலையாளச் சில்லெழுத்துகளுக்குத் தனி எண் வேண்டுமா என்று நீண்ட விவாதம் நடந்து, 2008-இல் யூனிகோடின் 5.1 பதிப்பு ஆறு சில்லுகளுக்குத் தனி எண் தந்தது. முன்பு மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என மூன்றாகச் சேமித்த கோப்புகளும் இருக்கவே செய்கின்றன. ஆகவே ஒரே சொல் இருவிதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். தேடும் மென்பொருள் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். ஒருமுறை சேர்த்த எழுத்தை நீக்குவதில்லை என்பது யூனிகோடின் விதி.

அந்த விவாதத்தில் வந்த மனுக்களும் மறுப்புகளும் எண்ணிட்டுக் காக்கப்பட்டுள்ளன. யாரும் எடுத்துப் படிக்கலாம். தமிழும் மலையாளமும் ஒருங்கே கற்ற நம் பிள்ளைகளுக்கு அவை மற்றவரைவிட விரைவில் விளங்கும்.