விதையிலேயே காவல்

மலைநாட்டின் சரித்திரத்தை ஓர் இலைநோய் மாற்றியமைத்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சட் பொடியாய்த் தோன்றிய துருநோய், இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரை ஏறக்குறைய அழித்து, அவ்விடத்திலே தேயிலையை அமர்த்திற்று. 1880ஆம் ஆண்டு முதல் இங்கு அந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், ஒரே பயிர் இடைவெளியின்றி நடப்பட்டமையே அது பரவுவதற்குப் பெருந்துணையாயிற்று என்று காட்டினார். இப்பாடம் பெருந்தோட்டத்துக்கு மாத்திரம் உரியதன்று. லயத்தின் ஓரத்திலே கிடைக்கும் சிறு துண்டு நிலத்திற் பத்துத் தக்காளிக் கன்று நடுபவருக்கும் உரியதே. அங்கே ஒரு போகம் பொய்த்தால், விதைக்கும் எருவுக்கும் இட்ட பணத்தோடு ஒரு குடும்பத்தின் கறியும் கைச்செலவும் குறைகின்றன.

எல்லா நோயையும் தாங்கும் தக்காளி இனம் உலகில் இல்லை. ஆகவே, "நல்ல விதை எது?" என்று வினவுமுன், "என் நிலத்து நோய் எது?" என்று வினவுதல் வேண்டும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மனிதர்க்கு வகுத்த முறை பயிருக்கும் பொருந்தும்.

நம் பகுதியில் முதன்மையாகக் கவனிக்கத்தக்க நோய்கள் இரண்டு. ஒன்று பின்வெளிறல். குளிரும் மூடுபனியும் மிகுந்த நுவரெலியாப் பக்கத்துக்கு இது பெரும் பகை. இலையில் நீர் ஊறியன போன்ற கரும்புள்ளிகள் தோன்றும். ஈரமான காலை வேளையில் அவற்றின் அடியில் வெண்பூஞ்சணம் தெரியும். காயிற் கபிலநிறத் தழும்பு படியும். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கைப் பாழாக்கியதும் இந்நோயே. எனவே உருளைக்கிழங்குப் பாத்தியின் அருகே தக்காளியை நடலாகாது.

மற்றையது பற்றீரியா வாடல். இலை மஞ்சளிக்காமலே, பச்சையாய் நின்ற செடி சில நாளிற் சாய்ந்துவிடும். இதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுக. சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழைகள் இறங்கினால் நோய் இதுவே. இக்கிருமி மண்ணில் நெடுங்காலம் வாழும். சரிவில் ஓடும் மழைநீரோடும் மண்வெட்டியோடும் பரவும்.

விதைப் பொதியில் அச்சிட்டிருக்கும் எழுத்துக்களிற் பலர் ஏமாறுகின்றனர். ஆங்கில எழுத்து 'எவ்' என்பது பியூசேரியம் என்னும் பங்கசினால் வரும் வாடலைத் தாங்கும் இனத்தைக் குறிப்பது. 1925இல் அமெரிக்காவில் வெளியான மார்குளோப் அத்தகையது. 'வீ' என்பது வேட்டிசிலியம் வாடலையும், 'என்' என்பது வேர்முடிச்சுப் புழுவையும் குறிக்கும். இவற்றுள் ஒன்றும் பற்றீரியா வாடலுக்கோ பின்வெளிறலுக்கோ காவலாகாது. வாடல் என்ற பெயர் ஒன்றாயினும் காரணம் வேறு. காரணம் வேறாயின் காவலும் வேறு.

ஆகையால், விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, ராஜித முதலிய இனங்களை வாங்கும்போதும், "பற்றீரியா வாடலைத் தாங்குமா? எம் உயரத்துக்கு ஏற்றதா?" என்று விவசாயப் போதனாசிரியரிடம் பெயர் சொல்லிக் கேட்டறிதல் நன்று. வாடல் படிந்த மண்ணில், அந்நோயைத் தாங்கும் கத்தரி வேர்த்தண்டில் ஒட்டிய தக்காளிக் கன்று பயன்தரும். பின்வெளிறலைத் தாங்கும் பண்போ, சிறு காய் காய்க்கும் காட்டுத் தக்காளியிலிருந்து புதிய கலப்பினங்களுக்கு வந்தது. கலப்பினத்தின் பழத்திலிருந்து எடுத்த விதை தாயின் குணத்தை அப்படியே தாராது என்பதையும் நினைவிற் கொள்க.

தாங்கும் இனம் என்பது நோயே அணுகாத இனம் என்று பொருள்படாது. மழை படாத கூரை, காற்றோட்டமான இடைவெளி, கீழிலை நீக்கல், கத்தரி மிளகாய் நின்ற நிலத்தைத் தவிர்த்தல் ஆகியன உடன் வேண்டும். எல்லாக் கன்றையும் ஓரினமாக நடாமல், இரண்டு மூன்று இனங்களைப் பெயர்க்குச்சி நாட்டி வளர்த்து, எது எந்த மாதத்தில் நோயுற்றது என்று ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. இரண்டு போகத்தில், உம் நிலத்துக்கு ஏற்ற இனம் எது என்பதை அக்குறிப்பே உமக்குச் சொல்லும். பழைய மாணவர்களாகிய நீவிர் அதனை அடுத்த லயத்தாருக்கும் படித்துக் காட்டுவீராயின், கற்ற கல்வி பயன்பட்டதாகும்.