பொன்னியின் செல்வன் ஒட்டாதவர் நாவல் எழுதலாமா?

கேள்வி: ஐயா, நான் திட்டக்குடியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வெள்ளாற்றை வைத்து ஒரு மாயக்கதை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆற்று மணலுக்கு அடியில் ஓர் ஊர். செத்துப்போனவர்கள் அங்கே வெள்ளாமை செய்கிறார்கள். நான் எழுதுவது தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பொன்னியின் செல்வன் எத்தனை தடவை படிச்சிருக்கே?” என்பதுதான். நான் அதன் முதல் பாகமான ‘புது வெள்ளம்’ என்பதையே பாதியில் வைத்துவிட்டேன். வெறுப்பு ஒன்றுமில்லை, மனம் ஒட்டவில்லை. என் மாணவர்கள் உயிராக நினைக்கும் ஹாரி பாட்டரும் அப்படித்தான். இத்தனை பேர் கொண்டாடும் புத்தகங்கள் என்னை அசைக்கவில்லை என்றால் குறை என்னிடமா? இவற்றை முடிக்காமல் நாவல் எழுதலாமா?
— வாசகி, திட்டக்குடி

பதில்: எழுதலாம் அம்மா. உங்களிடம் குறையும் இல்லை.

உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் போனவர் உங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்தான். புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், இயற்பெயர் விருத்தாசலம். பொன்னியின் செல்வனை எழுதிய கல்கி தம் பெயரிலேயே இதழ் தொடங்கியது 1941இல். அதில் ‘பார்த்திபன் கனவு’ தொடராக வந்து வீடுவீடாகப் படிக்கப்பட்டது. அந்தக் காலகட்டத்தில், 1943இல், புதுமைப்பித்தன் எழுதிய மாயக்கதை ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. கடவுள் சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளை அவரை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறார், தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார், வீட்டுக்கும் அழைத்துப்போகிறார். குதிரைக் குளம்படி இல்லை, சுரங்கப்பாதை இல்லை, சபதம் இல்லை. ஊரே எதற்குக் காத்திருந்ததோ அதன் சாயல் ஒரு வரியில்கூடக் கிடையாது. கல்கியின் தழுவல்களை எதிர்த்து அவர் கடுமையாகச் சண்டை போட்டது உண்மை. ஆனால் அந்தச் சண்டை கட்டுரைகளில் நடந்தது. கதை எழுத உட்கார்ந்தபோது கல்கியைப் போல எழுதவும் இல்லை, கல்கிக்கு மறுப்பாக எழுதவும் இல்லை. நீங்கள் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

வெளிநாட்டிலும் இப்படி உண்டு. உர்சுலா லெ குவின் தம் எர்த்சீ வரிசையின் முதல் நாவலை 1968இல் வெளியிட்டார். மந்திரம் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் அதில் அப்போதே வந்துவிட்டது. 2004இல் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னபோது, ஹாரி பாட்டர் துடிப்பான பிள்ளைக்கதைதான், ஆனால் நடை சாதாரணம், கற்பனையில் புதுமை இல்லை என்று நேராகவே சொன்னார். மாயக்கதை எழுத்தாளர் டோல்கினுக்கு, தம் நெருங்கிய நண்பர் லூயிஸ் எழுதிய நார்னியா கதைகளே பிடிக்கவில்லை. ஓர் உலகத்தைத் தன் மனசுக்குள் கட்டிக்கொண்டிருப்பவருக்கு அதன் மழைக்கும் மரணத்துக்கும் அவரே விதி வகுக்க வேண்டியிருக்கிறது. வேறொருவர் விதி வகுத்த உலகத்தில் போய்க் குடியிருக்க அந்த நேரத்தில் மனம் சம்மதிப்பதில்லை. உங்களுக்கு நேர்ந்திருப்பதும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. பொன்னியின் செல்வன் மாயக்கதையே அல்ல. ஜோதிடரும் வால்நட்சத்திரமும் வந்தாலும் அது சரித்திர சாகசம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் என்பதால், ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் முடியும். தமிழில் மாயத்தையும் தத்துவத்தையும் பெரிய அளவில் பின்னிய நாவல் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’. ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் வந்த அதே 1997இல் அதுவும் வந்தது. அதில் கல்கியின் பாணி எங்கும் இல்லை. ஆனால் 2022, 2023இல் பொன்னியின் செல்வன் படமானபோது அதற்கு வசனம் எழுதியவர் அதே ஜெயமோகன்தான். தன் வழி வேறு என்று தெளிந்தவருக்குக் கல்கியின் பாத்திரங்களோடு வேலை செய்வதில் தயக்கம் இருக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒட்டவில்லை என்பது வேறு, ஒதுக்குவது வேறு. “நான் கல்கியைப் படிப்பதில்லை” என்று பெருமையாகச் சொல்லும் இளைஞர்கள் சிலர் உண்டு. அது எனக்கு வருத்தம் தருகிறது. புத்தகமே இல்லாத எத்தனையோ வீடுகளில் வாசிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். தொடர் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வீட்டிலேயே பைண்டு செய்து வைத்த பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்கள் ரசனையை யாரும் மட்டமாகப் பேசக் கூடாது. நீங்கள் அப்படிப் பேசவில்லை; உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். “எத்தனை தடவை படிச்சிருக்கே?” என்று கேட்பவர்களும் உங்களைச் சோதிப்பதற்காகக் கேட்கவில்லை. தாங்கள் அனுபவித்த சந்தோஷத்தில் உங்களையும் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். பாதிவரைதான் படித்தேன் என்று அப்படியே சொல்லிவிடுங்கள். எந்த இடம் பிடித்தது என்று அவர்களைக் கேளுங்கள். வாசகர் மனசில் ஒரு கதை எங்கே தங்குகிறது என்பது நாவலாசிரியருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

ஹாரி பாட்டரை உங்கள் மாணவர்களிடமே விட்டுவிடலாம்.

இப்போதைக்கு எந்தத் தொடரையும் முடிக்க வேண்டும் என்று உட்காராதீர்கள். கையில் இருக்கும் நாவலை முடியுங்கள். செத்தவர்கள் மணலுக்கு அடியில் என்ன பயிர் வைக்கிறார்கள், தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள், அறுத்ததை யார் தின்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். மாயக்கதையில் வாசகர் நம்புவது இந்த விவரங்களைத்தான்.

ஆனால் ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். நீங்கள் பாதியில் வைத்த கதை தொடங்குவது உங்கள் மாவட்டத்து வீராணம் ஏரிக்கரையில். அங்கேதான் ஆடிப்பெருக்கு நாளில் கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். ஏரிக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களையும் உறவினர்களையும் சேர்ந்த நிலங்கள் என்ன ஆயின என்று அது சொல்கிறது. கல்கியின் ஐந்து பாகங்களும் சுற்றிவருவது அந்தக் கொலையைத்தான். வெள்ளாற்றங்கரை மண்ணிலிருந்து நீங்கள் எதை எடுக்கப்போகிறீர்கள் என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று யோசியுங்கள். திட்டக்குடியிலிருந்து காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.