பண்டிகை மிச்சம்: வீணாக்காமல், நோய் வராமல் பயன்படுத்துவது எப்படி?



பண்டிகை என்றால் நம் வீடுகளில் கை தாராளமாகிவிடும். ஆடிப் பதினெட்டுக்கு ஐந்து வகைக் கலந்த சாதம். தீபாவளி காலையில் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. தைப் பொங்கலுக்கு இரண்டு பானைப் பொங்கல். மாட்டுப் பொங்கல் கழிந்தால் மறுபடியும் கறி. விருந்தாளிகள் புறப்பட்ட பிறகு சட்டியைத் திறந்து பார்த்தால், "இவ்வளவு மிஞ்சிப் போச்சே, என்ன பண்றது?" என்ற கவலை.

கொட்ட மனம் வராது. உழைத்து வாங்கிய அரிசி, காசு கொடுத்து வாங்கிய கறி. கெடாமல் வைத்து, வேறு பண்டமாக மாற்றிச் சாப்பிடலாம். அதற்கு மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: எப்படி வைப்பது, என்ன செய்வது, யார் சாப்பிடுவது. முதல் இரண்டும் பெண்களுக்கு ஓரளவு தெரியும். மூன்றாவதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

1. மிச்சம் ஏன் கெடுகிறது?

வெந்த சோற்றிலும் கறியிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளர்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஈரமும் வெதுவெதுப்பும். திருச்சி வெயிலில் இரண்டுக்கும் குறைவில்லை. சமைத்து இரண்டு மணி நேரம் வரை வெளியே இருக்கலாம். சித்திரை, வைகாசிக் கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

"ஒரு கொதி விட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்று பலர் சொல்கிறார்கள். இது பாதி உண்மைதான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் உணவில் கக்கி வைத்த நஞ்சு கொதித்தாலும் போகாது. வெளியில் கிடந்த சோற்றிலும், கைபட்டு வெகுநேரம் இருந்த கறியிலும் இப்படி நேரும். வாசனை மாறாமலே கூடக் கெட்டிருக்கலாம். ஆகையால் மோந்து பார்ப்பதை மட்டும் நம்பாமல், சமைத்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

2. எப்படி வைப்பது?

அ) பந்தி முடிந்ததும் மிச்சத்தை ஒதுக்கிவிடுங்கள். "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்பது கூடாது.

ஆ) பெரிய அண்டாவில் அப்படியே வைத்தால் நடுவில் சூடு ஆறாது, கிருமி அங்கேதான் பெருகும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துச் சீக்கிரம் ஆற விடுங்கள்.

இ) புளிக் குழம்பையும் தயிர்ச் சாதத்தையும் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைக்காதீர்கள். எவர்சில்வர் அல்லது மண்சட்டி நல்லது.

ஈ) பிரிட்ஜ் இருந்தால், மூடி வைத்த சோற்றை மறுநாளுக்குள்ளும் கறியை மூன்று நாளுக்குள்ளும் தீர்த்துவிடுங்கள். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்க விட்டு, ஒரே தடவையில் சாப்பிட்டு முடியுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போயிருந்தால் அந்தக் கறி வேண்டாம்.

உ) பிரிட்ஜ் இல்லையென்றால், சூடு ஆறுவதற்குள் அக்கம்பக்கம் கொடுத்துவிடுங்கள். உறியில் தொங்கவிட்டால் பூனைக்குத்தான் எட்டாது, கிருமிக்கு எட்டும்.

3. எதை என்னவாக மாற்றலாம்?

கறிக்குழம்பு: குழம்பை நன்றாகக் கொதிக்க வைத்து வற்றவிட்டால் சுண்டின கறி. துண்டுகளை எலும்பு நீக்கிப் பிய்த்து, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டு வதக்கி, இரண்டு முட்டை உடைத்துக் கிளறினால் நாலு பேருக்குத் தோசையோடு போதும். அதையே மாவில் கலந்து பணியாரமாகவும் ஊற்றலாம்.

பச்சைக் கறி மிஞ்சினால்: வாங்கிய அன்றே மெல்லிய கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, கயிற்றில் கோத்துக் கல் போலக் காயும் வரை நல்ல வெயிலில் உலர்த்துவது உப்புக்கண்டம். ஈ மொய்க்காமல் மெல்லிய துணி கட்டுங்கள். மழை மூட்டத்தில் இதைச் செய்ய வேண்டாம். தீபாவளி ஐப்பசி அடைமழையில் வருவதால், தைக் கறிக்குத்தான் இது ஏற்றது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்புக்கண்டம் ஆகாது.

வான்கோழி: கிறிஸ்துமஸுக்குச் சிலர் வீட்டில் வான்கோழி அடிக்கிறார்கள். பெரிய பறவை, சின்னக் குடும்பத்துக்கு ஒரே நாளில் தீராது. அதன் நெஞ்சுக் கறியில் கொழுப்பு குறைவு; மறுபடி வறுத்தால் சக்கையாகும். நாராகக் கிழித்து மிளகு ரசத்திலோ குருமாவிலோ போட்டுக் கொதிக்க விடுங்கள். எலும்பை இஞ்சி, சீரகம் தட்டிப் போட்டு வேகவைத்தால் சூப்பு.

கலந்த சாதம்: ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குக் கட்டிப் போகும் சாதங்களில் எது முதலில் கெடும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தேங்காய்ச் சாதம் சீக்கிரம் ஊசும். அதை முதலில் சாப்பிடுங்கள். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளிச் சாதம் சற்றுத் தாங்கும். அதைக் கடைசியில் எடுங்கள். தயிர்ச் சாதத்தில் காய்ச்சி ஆறிய பால் கூடுதலாக ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் மதியம் வரை புளிக்காது.

வெறும் சோறு: ஆறியதும் சுத்தமான நீரை மூழ்க ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. இரவே ஊற்ற வேண்டும். மறுநாள் காலையோடு முடிக்க வேண்டும். அந்தச் சோற்றையே சீரகம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்து அரைத்துக் கிள்ளி வைத்துக் காய வைத்தால் சோற்று வடகம். மழைக்காலத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று.

பொங்கல்: பிரிட்ஜில் வைத்த வெண்பொங்கலை மறுநாள் அடை மாவில் கலந்து, முருங்கைக் கீரை உருவிப் போட்டு வார்க்கலாம். சர்க்கரைப் பொங்கலை உருட்டி, உளுந்து மாவில் தோய்த்துப் பொரித்தால் சுழியம்.

இட்லி, சுண்டல்: இட்லியை உதிர்த்து, கடுகும் நிலக்கடலையும் தாளித்து உப்புமாவாகக் கிண்டலாம். சுண்டலை அரைத்து வடையாகத் தட்டலாம். சுண்டலும் வெளியே கிடந்ததாக இருக்கக் கூடாது.

4. மிச்சத்தை யார் சாப்பிடுவது?

இந்தப் பாடத்தில் முக்கியமானது இதுதான். எந்த வீட்டிலும், "மிச்சம் மீதி யார் சாப்பிடுவாங்க?" என்று கேட்டால், "வேற யாரு, நான்தான்" என்று வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். பந்தியில் கறித்துண்டு எல்லாருக்கும் போகும். அவருக்கு அடிச்சட்டிக் குழம்பு. மறுநாள் புதுச் சமையல் மற்றவருக்கு, நேற்றையது அவருக்கு.

கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றில் நான் பார்த்தது இது. தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. விசாரித்தால், பிரிட்ஜில் வைக்காத கறிக்குழம்பை வேளைக்கு வேளை சுட வைத்து, அவர் ஒருவரே சாப்பிட்டு வந்திருக்கிறார். "அவருக்கும் பிள்ளைக்கும் பழசு ஆவாதுன்னு நான் தின்னுட்டேங்க" என்றார். வயிற்றில் இருப்பதும் பிள்ளைதானே என்று கேட்டபோது கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல வேளை, சீக்கிரம் கொண்டு வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றி இருவரும் பிழைத்தார்கள்.

கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இரும்புச் சத்தும் புரதமும் அதிகம் வேண்டும். கறித்துண்டு அவர்கள் தட்டில்தான் முதலில் விழ வேண்டும். கணவர்மார்களே, பண்டிகையன்று மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். மாமியார் முன்னால் அவர் கேட்கத் தயங்குவார். "அம்மா, இவளுக்கும் போடுங்க, சேர்ந்தே சாப்பிடறோம்" என்று நீங்கள் சொன்னால் வேலை முடிந்தது. மிஞ்சியது நல்லதாக இருந்தால் எல்லாரும் பங்கிடுங்கள். கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒருவரும் தொட வேண்டாம், எருக்குழியில் போடுங்கள்.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு சாப்பிடும் குழந்தைக்கு மிச்சம் வேண்டாம். அவ்வப்போது புதிதாகக் குழைத்து ஊட்டுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும்.

5. வயிற்றுப்போக்கு கண்டால்

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுப்படி, பெரிய பொட்டலமானால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் துத்தநாக மாத்திரை கேட்டு, பேதி நின்றாலும் 14 நாள் கொடுங்கள்.

மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், சிறுநீர் குறைதல், எதையும் குடிக்க முடியாமை, கடும் காய்ச்சல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். கர்ப்பிணியானால் பேதி தொடங்கியதுமே காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அவசரமானால் 108-ஐ அழையுங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் இரவு பகல் எந்நேரமும் பார்ப்பார்கள்.

நினைவில் வையுங்கள்

* சமைக்கும் முன் தலையை எண்ணுங்கள். அளவாக உலை வையுங்கள்.
* இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை ஒதுக்குங்கள்.
* ஒரே தடவை, நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள்.
* சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள்.
* நல்ல உணவில் மனைவிக்குச் சம பங்கு. கர்ப்பிணிக்கு முதல் பங்கு.

தம்பதியர் பேசிப் பார்க்க

1. போன பண்டிகையில் நம் வீட்டில் என்ன மிஞ்சியது? யார் சாப்பிட்டது?
2. அடுத்த பண்டிகைக்கு எவ்வளவு கறி வாங்கினால் போதும்?
3. கடைசியாக இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டது எப்போது?