பழைய புல்லட் மக்கர் செய்தால் முதலில் முள்ளைப் பாருங்கள்

பாயிண்ட் வைத்த பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் கிளம்ப மறுத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் புது பிளக், அப்புறம் புது காயில், அதற்கும் மசியாவிட்டால் புது பேட்டரி. பணம் போன பிறகு பார்த்தால், கோளாறு ஒரு தளர்ந்த நட்டில் இருக்கும். இந்த வண்டியின் மின்சாரக் கணக்கு எளிமையானது. பேட்டரி கொடுத்தால்தான் காயிலுக்குக் கரண்ட்; ஆல்டர்னேட்டர் கொடுத்தால்தான் பேட்டரிக்குச் சார்ஜ். அதனால் இக்னிஷன் கோளாறு என்று நாம் நினைப்பதில் பாதி, உண்மையில் சார்ஜிங் கோளாறு.

எந்தப் பாகத்தையும் கழற்றுமுன் ஹெட்லைட் தலையில் இருக்கும் அம்மீட்டரைப் பாருங்கள். சாவியைப் போட்டு, டிகம்ப்ரசரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். இப்படி ஆடினால் பேட்டரி, ஃபியூஸ், சாவி, காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் எல்லாவற்றிலும் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். முள் அசையவே இல்லையா? வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் முகத்தில் அழுக்கு. சாய்ந்த முள் திரும்பி வரவே இல்லையா? பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டது. ஒரு பைசா செலவில்லாத சோதனை.

அசையாத முள்ளுக்கு முதல் சந்தேகம் அம்மீட்டரின் மேலேயே விழ வேண்டும். வண்டியின் பெரும்பாலான கரண்ட் அதன் பின்னால் இருக்கும் இரண்டு நட்டுகள் வழியாகத்தான் போகிறது. ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வில் அவை தளர்வது சகஜம். அடுத்து கண்ணாடி ஃபியூஸின் இரு முனைகள், பேட்டரியின் எர்த் வயர் சேசிஸில் சேரும் இடம். கடலோர ஊர்களில் இந்த இடங்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பெயின்ட் மேல் எர்த் முடுக்கியிருந்தாலும் இதே கதை. இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு முடுக்குங்கள்.

பாயிண்டுக்கு வருவோம். வலது பக்க வட்ட மூடியைக் கழற்றினால் கண்ணில் படும். நைஸ் உப்புத்தாளை ஒரே ஒரு முறை ஓட்டி, பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டால் தூசு போகத் துடைத்தால் போதும். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இதை ஃபீலர் கேஜால் பாருங்கள். பிளேடை வைத்து அளப்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள். கேமுக்குக் கிரீஸ் வைக்கலாம், ஆனால் துளி போதும். அதிகம் வைத்தால் அது தெறித்துப் பாயிண்டில்தான் வந்து உட்காரும்.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் நின்றுபோய், அரை மணி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும் வண்டிகள் உண்டு. சூடானால் கைவிடும் கண்டென்சர் அல்லது காயில்தான் காரணமாக இருக்கும். நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட்டின் ஃபின்னில் படும்படி பிளக் துளைக்குத் தள்ளி வைத்து உதைத்துப் பாருங்கள். வீட்டுக்குத் தள்ளிப்போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். மஞ்சளாக மெலிந்த பொறி, பாயிண்டிலோ படபடவென நெருப்பு என்றால் கண்டென்சரை மாற்றுங்கள். பாயிண்ட் அமைதியாக இருந்தும் பிளக்கில் பொறியே இல்லையென்றால் காயில். 12 வோல்ட் காயிலின் முதல் சுற்று மூன்று, நான்கு ஓம் காட்ட வேண்டும். அந்தச் சூட்டிலேயே அளவெடுங்கள்.

சார்ஜிங்குக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓட்டி நிறுத்திச் சில மணி நேரம் கழித்து நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.8-லிருந்து 14.4-க்குள் ஏற வேண்டும். (ஆறு வோல்ட் வண்டியென்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.) ஐடிலில் லைட் போட்டால் அம்மீட்டர் முள் மைனஸில் நிற்பதும், பேட்டரி நிரம்பியபின் நடுவிலேயே நிற்பதும் இயல்பு. அதைப் பார்த்துப் பதறி ஆல்டர்னேட்டரைப் பிரிக்க வேண்டாம்.

வேகம் கூட்டியும் 13-ஐ எட்டவில்லையென்றால், ஸ்டேட்டரிலிருந்து வரும் வயர்களை ரெக்டிஃபையர் பக்கம் கழற்றி ஏசி வோல்ட்டில் அளந்து பாருங்கள். இன்ஜின் வேகத்தோடு வோல்ட் ஏறினால் ஸ்டேட்டர் நல்லது, ரெக்டிஃபையரைச் சந்தேகிக்கலாம். ஏறாவிட்டால்தான் இடது பக்க செயின் கேஸைத் திறக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்துவிட்டால், மூடியைப் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே நட்டு. கீழே ஒரு தட்டு வையுங்கள், ஆயில் கொட்டும். ரோட்டரின் மேல் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் அது ஸ்டேட்டரில் உரசுகிறது. சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி ஸ்டேட்டரை நகர்த்தி முடுக்குங்கள். வயர் வெளியே வரும் ரப்பரையும் விரலால் தடவிப் பாருங்கள். ஆயிலில் ஊறி இறுகிய இன்சுலேஷன் அங்கேதான் வெடிக்கும்.

மீட்டர் 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ரெகுலேட்டரை மாற்றாமல் புது பேட்டரி வாங்கி வைத்தால் அதையும் கொதிக்கவைத்துவிடும்.