முதுமை வேறு, நோய் வேறு

“எல்லாம் வயதுக் கோளாறு” என்று பெரியவர்கள் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். தாத்தாவுக்கு முழங்கால் வலித்தாலும், பாட்டி தடுமாறி விழுந்தாலும், பழகிய ஒருவரின் பெயர் மறந்துபோனாலும் காரணம் வயதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எளிதில் குணப்படுத்தக் கூடிய நோய்களும் இச்சொல்லுக்குப் பின்னே மறைந்து கொள்வதுண்டு. அப்படி மறைந்த நோய் சில வேளைகளில் உயிரையே பறித்துவிடும்.

எது முதுமை, எது நோய் என்று பிரித்தறிய உதவும் துறைகள் இரண்டு. உடல் ஏன், எவ்வாறு மூப்படைகிறது என்று ஆராய்வது மூப்பியல். முதியோரின் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பது முதியோர் மருத்துவம். குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவம் இருப்பதை நாம் அறிவோம். முதியோருக்கும் அவ்வாறே ஒன்று தேவை.

சென்னையில் ஒரு தொடக்கம்

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் டாக்டர் வ. செ. நடராசன். இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் பயின்று திரும்பிய இவருடைய முயற்சியால், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டு முதியோருக்கான புறநோயாளிகள் பிரிவு தொடங்கப்பட்டது. 1988-இல் உள்நோயாளிகளுக்கான படுக்கைப் பிரிவும் ஏற்பட்டது. அம்மருத்துவமனையோடு இணைந்த சென்னை மருத்துவக் கல்லூரியில், இந்தியாவிலேயே முதன்முறையாக, முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டமேற்படிப்பு 1996-இல் தொடங்கியது. 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

இத்தகைய நிறுவனங்களில் மாணவர் கற்கும் முதற்பாடம், இயல்பான மூப்பு எது என்பதாகும். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மூப்பை அளப்பது எவ்வாறு?

30 வயதினர் நூறு பேரையும் 80 வயதினர் நூறு பேரையும் ஒப்பிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. உயரத்தை எடுத்துக்கொள்வோம். 80 வயதினரின் சராசரி உயரம் குறைவாக இருக்கிறது என்று கொள்வோம். முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டுகள் மெலிந்ததால் அவர்கள் உயரம் குறைந்தார்களா? அல்லது சிறுவயதில் போதிய உணவு கிடைக்காமல் முதலிலேயே குறைவாக வளர்ந்தார்களா? இந்த ஒப்பீடு இதற்கு விடை கூறாது. ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்தால்தான் உண்மை தெரியும்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவமனையில் 1958-இல் அத்தகைய ஆய்வு தொடங்கியது. நேதன் ஷாக் என்னும் அறிவியலறிஞர் அதற்கு வழிகாட்டினார். தன்னார்வலர்கள் குறித்த இடைவெளியில் வந்து தம் இதயம், நுரையீரல், சிறுநீரகம், தசை, நினைவாற்றல் ஆகியவற்றைச் சோதிக்க இசைந்தனர். தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே இருந்தனர். 1978 முதல் பெண்களும் சேர்ந்தனர்.

சிறுநீரகம் பற்றி இவ்வாய்வு தந்த முடிவு 1985-இல் வெளியாயிற்று. நலமுள்ள இளைஞர் ஒருவரின் சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 மில்லிலிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. இத்திறன் ஆண்டுக்குச் சராசரியாக 0.75 மில்லிலிட்டர் குறைவதாகக் கண்டனர். அதாவது 40 ஆண்டுகளில் 30 மில்லிலிட்டர் குறையும். ஆனால் வியப்பான செய்தி இனிமேல்தான் இருக்கிறது. சோதிக்கப்பட்டவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு இத்திறன் குறையவே இல்லை! ஆகவே, பிறந்த ஆண்டை மட்டும் கொண்டு ஒருவரின் உறுப்பு எவ்வளவு தளர்ந்துள்ளது என்று கூற முடியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

மறைந்திருக்கும் அபாயம்

தசைகளில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் உண்டாகிறது. இரத்தத்தில் அதன் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் நிலையை மதிப்பிடுவர். முதியவருக்குத் தசை குறைவு. எனவே கிரியாட்டினினும் குறைவாகவே உண்டாகும். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் சோதனை முடிவு இயல்பாகவே தோன்றலாம். இதை அறியாமல் இளைஞருக்குரிய அளவில் மருந்து கொடுத்தால், சில மருந்துகள் உடலில் தேங்கி நஞ்சாகிவிடும்.

நோயின் அறிகுறிகளும் வயதானவர்களிடம் மாறக்கூடும். மாரடைப்பு என்றால் நெஞ்சுவலி என்று நாம் படித்திருக்கிறோம். முதியவர்கள் சிலருக்கு வலியே இராது; மூச்சுத் திணறலோ களைப்போ மட்டுமே இருக்கும். நிமோனியா கண்ட முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமலே போகலாம். முந்தாநாள் வரை தெளிவாகப் பேசியவர் திடீரென இடம், பொழுது தெரியாமல் குழம்புவார். “வயதாகிவிட்டது, அப்படித்தான்” என்று வீட்டார் இருந்துவிட்டால், குணமாகக் கூடிய நோய் முற்றிவிடும்.

ஆகவே முதியோர் மருத்துவம் பயிலும் மாணவர், இதயத்துடிப்பைக் கேட்பதோடு நின்றுவிடுவதில்லை. தாமே குளிக்க முடிகிறதா, படியேற முடிகிறதா, கண்ணும் காதும் எப்படி, என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார், வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டறியவும் கற்கிறார். செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோருடன் கூடிச் சிகிச்சையை வகுக்கிறார்.

தளர்ந்த தசையும் வலுப்பெறும்

தசை தளர்வது முதுமையின் இயல்பு. ஆயினும் அத்தளர்ச்சி முழுவதும் முதுமையால் வந்ததன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த 10 பேருக்கு, கால்தசைகளால் எடையைத் தூக்கும் பயிற்சி 8 வாரங்கள் அளிக்கப்பட்டது. அவர்களின் சராசரி வயது 90! பயிற்சியை முடித்த 9 பேரின் தசைவலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது என்று 1990-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நடக்காமல் உட்கார்ந்தே இருந்ததால் இழந்த வலிமையையும் நாம் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பது இதனால் விளங்கும்.

நீங்களே செய்து பார்க்கலாம்

மருத்துவமனைகளில் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தொலைவில் தரையில் ஒரு கோடு போடுங்கள். வீட்டுப் பெரியவர் எழுந்து, வழக்கம்போல் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். எழுவது முதல் உட்காரும் வரை ஆகும் நேரத்தைக் குறியுங்கள். விழாதபடி பிடித்துக்கொள்ள வலுவான ஒருவர் பக்கத்திலேயே நடக்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், அவர் விழக்கூடும் என்று கருதி மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இது நோயைக் கூறும் சோதனையன்று, எச்சரிக்கை மட்டுமே.

ஒன்றை மறவாதீர்கள். முதுமை மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் வருவது. ஓரிரு நாளில் ஒருவருக்கு நடை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வயதன்று, நோய். “எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். “நேற்றிலிருந்து” என்பது விடையானால், அன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.