கையெழுத்திடுமுன் அறிய வேண்டிய சொற்கள்

வீடு புதுப்பிக்கும் இல்லறத்தார்க்கு ஓர் ஆங்கிலச் சொற்பாடம்

வீடு கட்டுவது ஒருமுறை. அதனைப் பழுது பார்ப்பதோ வாழ்நாள் முழுவதும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய கடலோரப் பகுதிகளில் குடியிருப்போர் இதனை நன்கறிவர். உப்புக்காற்று சன்னல் கம்பியை அரிக்கும். சுவரில் உப்புப் பூக்கும். மேல்தளப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். போதாக்குறைக்கு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த பெருமழையில் வெள்ளம் புகுந்த வீடுகள் பல. அதன்பின் மராமத்து வேலை நடவாத தெருவே இல்லை எனலாம்.

இவ்வேலைகளுக்குத் தரப்படும் மதிப்பீட்டுத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகிறது. மேஸ்திரியின் வாய்மொழியிலும் ஆங்கிலச் சொற்கள் மிகுதி. பொருள் விளங்காவிடினும், கேட்டால் நம்மை என்ன நினைப்பார்களோ என்று கூசித் தலையசைத்து விடுகிறோம். அவ்வாறு தலையசைப்பதால் பொருள் இழப்பு நேர்வதுண்டு. சில வேளைகளில் அற இழப்பும் நேர்வதுண்டு. நமக்கு நேர்ந்ததை மறையாது கூறிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவோம்.

வெள்ளம் வடிந்த பின் நம் இல்லத்தைச் செப்பனிட ஒருவரிடம் மதிப்பீடு பெற்றோம். அத்தாளின் ஆறாம் வரியில் ‘ஆன்டி டெர்மைட் ட்ரீட்மென்ட்’ என்று இருந்தது. ‘ட்ரீட்மென்ட்’ என்றால் சிகிச்சை. ஈரம் ஏறிய சுவருக்கு ஏதோ சிகிச்சை போலும் என்று எண்ணிக் கையெழுத்திட்டோம். நாம் பயின்ற நாளில் கறையானுக்கு ஆங்கிலம் ‘ஒயிட் ஆன்ட்’ என்றே கற்றோம்; மாணவர்க்கும் அவ்வாறே கற்பித்தோம். ‘டெர்மைட்’ என்பதும் அதுவே என அறியோம்.

ஒரு நாள் மாலை இல்லம் திரும்பியபோது, முன்கட்டில் சுவரும் தரையும் கூடும் ஓரமெங்கும் துளைகள் இடப்பட்டிருந்தன. நெடி மூக்கைத் துளைத்தது. “என்ன தம்பி இது?” என்றோம். “கறையான் மருந்து டீச்சரம்மா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?” என்றார் அந்தப் பணியாளர். அவர் மீது குற்றமில்லை. எஞ்சிய அறைகளில் வேலையை நிறுத்தச் சொன்னோம். முன்கட்டில் நிகழ்ந்ததை நிறுத்த இயலவில்லை. அன்றிரவு பிரதிக்கிரமணம் செய்கையில் அந்த ஆறாம் வரியே மனத்தில் நின்றது. ஆங்கிலத்தில் ‘சிகிச்சை’ என்றும், தமிழில் ‘மருந்து’ என்றும் நல்ல பெயர் தாங்கி நின்றது கொலை.

தொல்காப்பியர் மரபியலில் கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர்களாக வைத்தார். ஜின ஆகமங்களும் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுக்கின்றன. இல்லறத்தார்க்கு வீடு பெருக்குதல், சமைத்தல், பழுது பார்த்தல் முதலியவற்றில் நேரும் ஆரம்ப ஹிம்சை முற்றும் தவிர்க்கவியலாதது. எச்சரிக்கையால் அதனைக் குறைக்க வேண்டும். கொல்லும் எண்ணத்துடன் செய்யும் சங்கற்ப ஹிம்சையோ அணுவிரதிக்கு விலக்கப்பட்டது. மேலும், தாமே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என வினை மூவகைப்படும். மதிப்பீட்டுத் தாளில் இடும் கையெழுத்து செய்வித்தலும் உடன்படுதலும் ஆகும். ஆகவே சொற்பொருள் அறிதல் நமக்கு நோன்பின் ஒரு பகுதியே.

அயற்சொல் கற்பதில் தாழ்வு ஒன்றுமில்லை. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர். பிற நிலங்களிலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொற்களுக்குத் திசைச்சொல் என்று பெயரிட்டு, இலக்கணத்தில் அவற்றுக்கு இடமும் தந்தார். நம் வீட்டிலுள்ள சன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்ச்சுகீசியர் வழியே வந்தவை. நம் சுண்ணமோ ‘சுனம்’ என்று ஆங்கில அகராதி ஏறியது. இனிப் பாடத்திற்குச் செல்வோம்.

பாடம் 1: வேலையின் பெயர்கள்

‘ரிப்பேர்’ என்பது பழுது நீக்குதல். ஒழுகும் குழாயை மாற்றுவது ரிப்பேர். ‘ரெனவேஷன்’ என்பது பழையதைப் புதுப்பித்தல். தரை ஓடு மாற்றி, பூச்சுப் பூசி, வண்ணம் தீட்டுவது இதில் அடங்கும். ‘ரெஸ்டோரேஷன்’ என்பது பழைய வடிவம் கெடாது முன்னிருந்த நிலைக்கு மீட்டல். ‘எக்ஸ்டென்ஷன்’ என்பது கூடுதலாகக் கட்டி விரித்தல்.

இராயபுரம் இரயில் நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்க. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்தே வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அக்கட்டடம், தூண்களின் பழைய தோற்றம் மாறாமல் 2005-இல் செப்பனிடப்பட்டது. அது ரெஸ்டோரேஷன். நம் ஆலயத் திருப்பணியில் வழங்கும் ‘ஜீர்ணோத்தாரம்’ என்னும் சொல்லும் நலிந்ததைத் தூக்கி நிறுத்தல் என்றே பொருள்படும்.

பாடம் 2: கணக்கும் காரையும்

‘எஸ்டிமேட்’ என்பது உத்தேச மதிப்பீடு; அது கூடலாம், குறையலாம். ‘கொட்டேஷன்’ என்பது இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று எழுதித் தரும் விலை. ‘லேபர் ரேட்’ என்றால் கூலி மட்டும். சிமென்ட், மணல், வண்ணம் யாவும் நம் செலவு. ‘வித் மெட்டீரியல்’ என்றால் பொருளும் அவருடையது. ‘ஸ்கொயர் ஃபீட்’ சதுர அடி. சுவருக்கும் தரைக்கும் உரியது. ‘ரன்னிங் ஃபீட்’ நீள அடி. குழாய்க்கும் ஓரப்பட்டைக்கும் உரியது. ‘கியூபிக் ஃபீட்’ கன அடி; மணல் ஒரு யூனிட் என்பது 100 கன அடி.

‘பிளாஸ்டரிங்’ பூச்சு வேலை. ‘ஹேக்கிங்’ என்பது புதுப்பூச்சு பற்றிக்கொள்ளுமாறு பழைய பரப்பைக் கொத்திவிடுதல். ‘ஸ்காஃபோல்டிங்’ சாரம் கட்டுதல். ‘பாராபெட்’ கைப்பிடிச் சுவர். ‘லாஃப்ட்’ பரண். ‘கியூரிங்’ என்பது பூச்சை நீரால் நனைத்து வைத்தல். சிமென்ட் நீருடன் கூடியே இறுகுமாதலால் குறைந்தது 7 நாளேனும் நனைக்க வேண்டும்.

கடலோரத்தார் மறவாது அறிய வேண்டியவை ‘கவர்’, ‘பேட்ச் ஒர்க்’ என்னும் இரண்டு. கான்கிரீட்டினுள் உள்ள கம்பிக்கு மேல் நிற்கும் கான்கிரீட்டின் கனமே கவர். இந்தியத் தர நிறுவனம் 2000-இல் வெளியிட்ட ஐ.எஸ். 456 என்னும் தரநூல், தீங்கு குறைந்த சூழலுக்கு 20 மில்லிமீட்டரும், கடற்கரை போன்ற கடுமையான சூழலுக்கு 45 மில்லிமீட்டரும் குறைந்த அளவாக வகுத்தது. கவர் குறைந்தால் உப்பு விரைவில் கம்பியை எட்டும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதாகையால், கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். அதன்மேல் வெறும் பூச்சை அப்புவதும் பேட்ச் ஒர்க். தளர்ந்ததை உதிர்த்து, கம்பித்தூரிகையால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பின் காரை நிரப்புவதும் பேட்ச் ஒர்க். இரண்டில் எது என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குக. குழந்தைகள் உறங்கும் இடத்தின் மேல் உள்ள தளம் அது.

பாடம் 3: உயிர் மறைந்துள்ள சொற்கள்

‘டெர்மைட்’ – கறையான். ‘பெஸ்ட் கன்ட்ரோல்’ – பூச்சிகளை ஒழித்தல். இவை தாளில் இருந்தால் அடித்துவிடுக. கறையான் ஈரத்தை நாடி மண்ணிலிருந்து ஏறுவது. எனவே குழாய்க் கசிவை உடனே அடைத்தல், நிலைக்கும் அலமாரிக்கும் கல், எஃகு ஆகியவற்றைக் கொள்ளுதல், மரப்பொருளைச் சுவரோடு ஒட்டாது வைத்தல் ஆகியவை கொல்லாது காக்கும் வழிகள். சுருத பஞ்சமியன்று சாத்திர நூல்களை எடுத்துத் துடைத்துப் புதுத்துணி சுற்றி வைக்கும் நம் முன்னோர் வழக்கமும் இத்தகையதே.

‘பிரிசில்’ – வண்ணத்தூரிகையின் மயிர். ‘ப்யூர் பிரிசில்’, ‘நேச்சுரல் பிரிசில்’ என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றி மயிர். ‘சிந்தெடிக்’ என்பது செயற்கை இழை. நீரில் கரையும் எமல்ஷன் வண்ணத்திற்குச் செயற்கை இழையே ஏற்றது. விலங்கு மயிர் நீரை உறிஞ்சித் தளர்ந்துவிடும்.

‘ஷெல்லாக்’ – அரக்கு. அரக்குப் பூச்சிகள் மரக்கிளையில் சுரந்து மூடியிருக்கும் பொருளைச் சுரண்டி எடுக்கையில் எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. ‘ஃபிரெஞ்ச் பாலிஷ்’ என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கே. கதவுக்கு மெருகு வேண்டின் ‘மெலமைன்’, ‘பி.யு.’ எனப்படும் செயற்கை வகைகளைக் கேட்கலாம்.

‘குளூ’ – பசை. தச்சர் முன்னாளில் காய்ச்சிய வச்சிரப்பசை விலங்கின் தோல், எலும்பிலிருந்து வந்தது. ‘சிந்தெடிக் ரெசின்’ என்றிருப்பது செயற்கைப் பசை.

‘ஷெல் லைம்’ – கிளிஞ்சல் சுண்ணாம்பு. ‘ஸ்டோன் லைம்’ – கல் சுண்ணாம்பு. பழைய சென்னை மாளிகைகளின் பளிங்கு போன்ற சுவர்ப்பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஆனது. அதில் முட்டை வெண்கருவும் சேர்த்தனர். பழைய வீட்டை ‘டிரெடிஷனல் லைம் பிளாஸ்டர்’ கொண்டு மீட்பதாக ஒருவர் கூறினால், எந்தச் சுண்ணாம்பு, எதனுடன் கலப்பது என்று கேட்க வேண்டும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டு மதிப்பீட்டுத் தாள் ஒன்றை எடுத்து, பொருள் தெரியாத சொற்களை அடிக்கோடிடுக. ஒவ்வொன்றுக்கும் தமிழ் எழுதுக.

2. ‘பேட்ச் ஒர்க், லேபர் ரேட், 40 ஸ்கொயர் ஃபீட்’ – இதனைத் தமிழில் கூறுக. இதில் சிமென்ட் யார் வாங்க வேண்டும்?

3. வண்ணக்கடையில் தூரிகை வாங்குகையில் கேட்க வேண்டிய வினா: “இஸ் திஸ் பிரிசில் ஆர் சிந்தெடிக்?” இதனைப் பிள்ளைகளுடன் மும்முறை சொல்லிப் பழகுக.

4. சுவரை உடைக்குமுன் குருவிக்கூடு, எறும்புப் புற்று உண்டா எனப் பார்க்க மேஸ்திரியிடம் எவ்வாறு கூறுவீர்கள்? தமிழிலேயே கூறலாம், அவர் அறிந்த மொழி அதுவே.

இரண்டாம் வினாவின் விடை: 40 சதுர அடி ஒட்டுப்பூச்சு, கூலி மட்டும். சிமென்ட் நாமே வாங்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களைத் தவிர்த்து, தை பிறந்த பின் இவ்வேலைகளைத் தொடங்குவது நன்று. ஈரம் குறைந்திருக்கும், சிற்றுயிர்களும் குறைந்திருக்கும். தாள் நீட்டப்படும்போது அவசரம் வேண்டா. விளங்காத சொல் ஒன்றிருப்பினும், “இதற்கு என்ன பொருள், தம்பி?” என்று கேளுங்கள். எழுபது வயதைக் கடந்த பின்னரே நாம் அதைக் கேட்கக் கற்றோம். நீங்கள் அவ்வளவு காலம் காத்திராதீர்கள்.